பேர் வைக்காத பிள்ளையின் சட்டை

தலைநகர்
ஏழாம் மாதம், வளர்பிறை

அக்காவுக்குத் தம்பி யான்ஷூ தலை தாழ்த்தி எழுதுவது. நான் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறேன். நீயும் அத்தானும் குருவியும் அப்படியே இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் பார்க்க வேண்டும். குருவிக்குப் பல் விழ ஆரம்பித்ததா? விழுந்தால் மேல்பல்லைக் கட்டிலுக்கு அடியிலும் கீழ்ப்பல்லைக் கூரைமேலும் போடச் சொல். மாற்றிப் போட்டு என்னைப்போல் கோணல் பல்லோடு திரியப்போகிறாள்.

கடைசியில் எனக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. தணிக்கை மன்றத்து ஃபாங் ஐயா என்னை எழுத்தராக வைத்துக்கொண்டார். பேரரசருக்கு நேராக மனு எழுதும் உரிமை உள்ளவர். முதல் நாளே என் பெயரைக் கேட்டதும் தலையை நிமிர்த்தினார்.

"யாங்ஜோவில உப்பு ஆய்வாளரா இருந்த பெய்யோட பையனா? விளக்குத் திருவிழா அன்னிக்கு வீட்டோட எரிஞ்சு போனாரே?"

"எரிஞ்சு போகல ஐயா. எரிச்சாங்க."

"யாரு?"

"அமைச்சர் யாவ். உப்புல அவர் அடிச்ச கொள்ளையை அப்பா அரசருக்கு எழுதப் போறார்னு தெரிஞ்சு செஞ்சார்."

அவர் சிரித்துவிட்டார். "இந்த ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறான். நினைப்பை வெச்சு ஒருத்தனைத் தூக்க முடியுமா? விளக்கு சாய்ஞ்சு பந்தல்ல பிடிச்சுதுன்னு தீர்ப்பே எழுதி மூடிட்டாங்க. அது விளக்கு இல்லைன்னு காட்ட ஒரே ஒரு சாட்சி கொண்டா. மீதியை நான் பாத்துக்கறேன்."

அக்கா, எனக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி நான்கு பேரின் சவப்பெட்டிகளும் இன்னும் கோயிலில் மண்ணுக்கு மேலேயே இருக்கின்றன. நியாயம் கிடைக்கும்வரை புதைப்பதில்லை என்று சபதம் செய்தவன் நான். வருடா வருடம் அரக்கு பூசுகிறவள் நீ. உனக்குத் தெரிந்தது, கேட்டது, எவ்வளவு சின்னதாக இருந்தாலும் எழுது.

நான் தோற்றால் என் தலை போகும். நீ லூ வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள், உன்னை ஒன்றும் தொடாது. என் தைரியமே அதுதான்.

தம்பி


யாங்ஜோ
எட்டாம் மாதம், நிலாத் திருநாள் கழித்து

தம்பிக்கு அக்கா ஹுய்ரோங் எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம். குருவிக்கு இரண்டு பல் விழுந்தன. ஒன்றை விழுங்கிவிட்டாள், அது எந்தக் கணக்கில் சேரும் என்று உன்னைக் கேட்கச் சொன்னாள். உனக்கு வடக்கத்திச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? தினைக்கஞ்சி குடித்தே கண் மங்கிவிடப் போகிறது.

போன வாரம் பெட்டிகளுக்கு அரக்கு பூசினேன். கோயில் பிக்குணியம்மா கூட நின்று தூரிகை பிடித்தார். "உன் தம்பி சபதத்தைப் போட்டுட்டுப் படகேறிட்டான். அரக்கு நாத்தம் எனக்கு," என்கிறார். கோபம் இல்லை, சும்மா சொல்வதுதான்.

சின்னதாக இருந்தாலும் எழுது என்றாய். ஒன்று இருக்கிறது. இத்தனை நாள் உன்னிடம் சொல்லவில்லை. அண்ணி அன்று பிரசவித்துவிட்டாள். தீ அணைந்த பிறகு, வெளியூரில் இருந்த நீ வந்து சேர்வதற்கு முன், நானும் பிக்குணியம்மாவும்தான் உடல்களைக் கழுவினோம். ஆண் பிள்ளை. அப்பாவின் பழைய மேல்சட்டையில் சுற்றி, அம்மா தன் மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். மூன்றாம் நாள் குளிப்பாட்டும்வரை பிறந்த செய்தியையே வெளியில் சொல்வதில்லை, பிறந்து ஒரு மாதம் ஆகாத பிள்ளைக்குப் பெட்டியும் கிடையாது, படையலும் கிடையாது. அதனால் அண்ணியின் பெட்டியிலேயே வைத்து மூடிவிட்டு, இருவரும் யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். அத்தானிடம்கூடச் சொல்லவில்லை. நீ இன்னும் துயரப்படுவாய் என்றுதான் உன்னிடமும் மறைத்தேன்.

அன்று விருந்துக்கு நானும் போயிருக்க வேண்டியவள். குருவிக்கு உடம்பு சுடுகிறது என்று அத்தான் தடுத்துவிட்டு, அவர் மட்டும் போய்ச் சாப்பிட்டு வந்தார். "உங்க அண்ணிதான் பரிமாறினா. இன்னும் பத்து நாள் ஆகும்னு உங்கம்மா சொன்னாங்க," என்று வந்து சொன்னார். அதன் பிறகுதான் வலி எடுத்திருக்க வேண்டும். அந்தக் காய்ச்சல் எங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றியது என்று இன்றுவரை நன்றி சொல்கிறேன்.

இதனால் உனக்கு என்ன பயன் என்று தெரியவில்லை. பஞ்சு வைத்த காலுறை இரண்டு அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள், மடித்து வைக்காதே.

அக்கா


தலைநகர்
ஒன்பதாம் மாதம்

அக்காவுக்கு வணக்கம். உடம்பு சுகம். காலுறையைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். விழுங்கிய பல் வயிற்றில் முளைக்காது என்று குருவிக்குச் சொல்.

மூன்று வருடமாக நான் ஒரு பிள்ளைக்குச் சித்தப்பன். அது தெரியாமலே இருந்திருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்த அன்று என்னால் ஒரு வரி எழுத முடியவில்லை. ஃபாங் ஐயா "கையில சுளுக்கா?" என்றார். ஆமாம் என்றேன். இதை அவரிடம் சொல்லவில்லை. அவர்கள் வாயில் அந்தப் பிள்ளை அரசியலாகிவிடும். இங்கே எல்லாமே அப்படித்தான். காலையில் யாவைத் திட்டுகிறவர்கள் மாலையில் அவர் வீட்டுச் செவ்வந்தித் தோட்டத்தில் கவிதை வாசிக்கிறார்கள்.

ஃபாங் ஐயா இன்னொரு கேள்வி கேட்டார். நம் வீட்டு வெளிக்கதவு உடையவில்லை. மதில் ஏறிய தடமும் இல்லை. கதவின் குறுக்குக் கம்பு உள்பக்கம்தானே இருக்கிறது? "அப்போ உள்ள இருந்துதான் யாரோ எடுத்து விட்டிருக்கான். கடைசியா வெளியில போனவன் யாருன்னு கண்டுபிடி," என்றார்.

அத்தான் அன்று விருந்துக்குப் போனவர் அல்லவா? வேறு யார் யார் வந்திருந்தார்கள், யார் கடைசியில் கிளம்பினார்கள் என்று அவருக்கு நினைவிருக்கும். நீயே கேட்டு எழுது. நான் எழுதினால் விசாரணைபோல இருக்கும்.

தம்பி


யாங்ஜோ
பத்தாம் மாதம், மூன்றாம் நாள்

தம்பிக்கு. எல்லோரும் சுகம். குளிர் ஆரம்பித்துவிட்டது. முதல் நாள் அன்று வழக்கம்போல, இறந்துபோன நம்மவர்களுக்குக் குளிருக்குக் காகிதத் துணி எரித்து அனுப்பினேன், நான்கு மூட்டை.

நீ கேட்கச் சொன்னதை அத்தானிடம் இன்னும் கேட்கவில்லை. நேரம் வாய்க்கவில்லை.

எதிர் வீட்டுப் பெரியவர் ஏதோ வழக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், அதனால் கேட்கிறேன். ஒரு குடும்பத்தையே கொன்றவன் பிடிபட்டால், அவன் மனைவி மக்களைச் சட்டம் என்ன செய்யும்? உனக்குத் தெரிந்ததை எழுது. அவசரம் ஒன்றுமில்லை.

அக்கா


தலைநகர்
பதினோராம் மாதம்

அக்காவுக்கு வணக்கம். நான் சுகம். உன் கடிதம் இவ்வளவு சின்னதாக இருக்கிறதே, உடம்பு சரியில்லையா? மறைக்காமல் எழுது.

எதிர் வீட்டுப் பெரியவருக்கு என் பதில் இது. ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மேல் கொன்றால் அது மன்னிப்பே இல்லாத குற்றம். செய்தவனுக்கும் துணை போனவனுக்கும் மரணம். மனைவி மக்கள் எல்லைப்புறப் பாசறைக்கு நாடு கடத்தப்படுவார்கள், நடந்தே போக வேண்டும். சின்னப் பிள்ளைகள் பெரும்பாலும் போய்ச் சேர்வதில்லை. இரண்டு விலக்கு உண்டு. வேறு வீட்டுக்குச் சுவீகாரம் போன மகன் தப்பலாம். திருமணம் நிச்சயமாகி ஒப்பந்தம் முத்திரை வைத்த மகள், எவ்வளவு சின்னவளானாலும், அந்த வீட்டுப் பெண்ணாகிவிடுகிறாள். அவளைத் தொடமாட்டார்கள்.

சட்டப் புத்தகத்தின் இந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று சொன்னால் நீ பயந்துவிடுவாய். நம் கதவைத் திறந்துவிட்டவன் எவனோ, அவன் வீட்டில் ஒரு கோழிக்குஞ்சுகூட மிஞ்சக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் தூங்கப்போகிறேன்.

அத்தான் என்ன சொன்னார்? ஃபாங் ஐயாவைத் தெற்கே மாற்றப்போவதாகப் பேச்சு. வசந்தம் முடியும்வரைதான் இந்த நாற்காலி. சீக்கிரம்.

தம்பி


தலைநகர்
புத்தாண்டு, முதல் மாதம்

அக்காவுக்கு. புத்தாண்டு வாழ்த்து. குருவிக்குச் சிவப்புத் துணியில் முடிந்து ஒரு சீப்பு அனுப்புகிறேன்.

உன்னிடமிருந்து கடிதம் வந்து மாதங்கள் ஆகின்றன. கால்வாய் உறைந்துபோனது உண்மைதான். ஆனால் தரைவழியாக யாங்ஜோ உப்பு வியாபாரிகள் எல்லோருக்கும் கடிதம் வருகிறது, எனக்கு மட்டும் வரவில்லை. அத்தானின் உப்பு உரிமம் இன்னும் மூன்று வருடத்துக்கு நீட்டிக்கப்பட்டிருப்பதை அவர்கள் வாயிலாகத்தான் தெரிந்துகொண்டேன். நல்லதுதான். அந்த உரிமத்தில் யாவின் கையெழுத்து இருக்கிறது என்பதையும் சொன்னார்கள்.

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதச் சொன்னேன். அதற்குக்கூட வாய் வராத அளவுக்கு நீ லூ வீட்டுக்காரியாகவே ஆகிவிட்டாய். உன் சோறு நல்ல சோறு, நல்ல வீடு. பெட்டிக்கு அரக்கு பூசினால் போதும் என்று இருந்துவிட்டாய். கட்டிக்கொடுத்த பெண் கொட்டிய தண்ணீர் என்று ஊரில் சொல்வார்கள், நான் நம்பியதில்லை.

யான்ஷூ


யாங்ஜோ
இரண்டாம் மாதம், இருபதாம் நாள்

தம்பிக்கு அக்கா எழுதுவது. நீ சுகமாக இருக்க வேண்டும். சீப்பு வந்தது. குருவியிடம் கொடுத்தேன், அவள் எடுத்துக்கொண்டு போனாள். எங்கே போனாள் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

நான் எழுதாமல் இருந்ததற்கு நோய் காரணமில்லை. எழுத ஆரம்பித்தால் எல்லாவற்றையும் எழுதிவிடுவேன். அதற்கு முன் செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தது. அது முடிந்துவிட்டது.

பத்தாம் மாதம் முதல் நாள், பொழுது சாயும் நேரம், துணிகளை எரித்துவிட்டு வந்தபோது அத்தான் வீட்டில் இல்லை. சாப்பிடக் கூப்பிடலாம் என்று தேடிப் போனேன். கால்வாய்ப் படிக்கட்டின் கீழே குந்தியிருந்தார். சாம்பலால் வட்டம் போட்டு, நம் வீடு இருந்த கிழக்குப் பக்கம் மட்டும் திறப்பு விட்டிருந்தார், அனுப்புவது அங்கே போய்ச் சேரட்டும் என்று. கையில் ஒரு காகிதச் சட்டை. என் உள்ளங்கை அளவு. கடையில் வாங்கியது இல்லை. அந்த அளவில் எந்தக் கடையிலும் செய்யமாட்டார்கள். அவரே வெட்டியிருந்தார், ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. குளிருமே என்று உள்ளே பஞ்சுகூட வைத்திருந்தார். பெயர் எதுவும் எழுதவில்லை. நெருப்பில் வைத்துவிட்டு, அது எரிந்து முடியும்வரை நெற்றியைத் தரையில் வைத்திருந்தார்.

எங்களுக்குப் பிறந்து இறந்த பிள்ளை கிடையாது. அவருக்கு உடன்பிறந்தவர்களும் கிடையாது. கிழக்கே, அந்த வீட்டில், பேர் வைக்காத ஒரு பிள்ளை இருந்தது என்பது எனக்கும் பிக்குணியம்மாவுக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும். அவர் விருந்து முடிந்து கிளம்பியபோது அண்ணி பரிமாறிக்கொண்டிருந்தாள், அதை அவரே சொன்னார். பிறகு எப்படித் தெரிந்தது? அதன் ஆவிக்குப் பயந்தவன் தவிர வேறு யார் வழக்கத்தை மீறி, பிறந்து ஒரு மாதம் ஆகாத பிள்ளைக்குத் துணி அனுப்புவார்கள்?

நான் கூப்பிடாமல் திரும்பி வந்து சோற்றைச் சூடு பண்ணினேன். வந்து சாப்பிட்டார். "கீரையில இன்னிக்கு உப்பே இல்லையே," என்றார். நான் உப்பை எடுத்து வைத்தேன்.

பிறகு உன் பதில் வந்தது. கோழிக்குஞ்சு பற்றி எழுதியிருந்தாய். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு குஞ்சுதான்.

பிக்குணியம்மாவின் தங்கை ஹூஜோ பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஷென் குடும்பம். பட்டுப்புழு வளர்க்கிறார்கள், ஏழைகள். எட்டு வயதில் ஒரு பையன். உறைபனி விட்டதும் பிக்குணியம்மாவை அனுப்பிக் குருவிக்கு அவனைப் பேசி முடித்தேன். ஆனால் ஒப்பந்தத்தில் பெண்ணின் அப்பா முத்திரை வைத்தால்தான் செல்லும். சின்னப் பெண்ணை இவ்வளவு தூரத்தில், இவ்வளவு ஏழை வீட்டுக்கு, இப்போதே அனுப்புவதற்கு என்ன காரணம் என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பொய்யைத் தயாரித்து வைத்திருந்தேன். ஜோசியக்காரன் சொன்னான் என்று.

தாளை அவர் முன்னால் வைத்தேன். முழுவதும் படித்தார்.

"புழு வளக்கறவங்களா?"

"ஆமா."

"நல்லவங்களா?"

"பிக்குணியம்மா தங்கச்சி வீடு. அடிக்கமாட்டாங்க."

"எப்பக் கூட்டிட்டுப் போற?"

"படகு சொல்லியாச்சு. நாளன்னிக்கு."

காரணம் கேட்கவில்லை, தம்பி. என் பொய் வாயிலேயே இருந்தது. முத்திரையை எடுத்து, வாயால் ஊதி ஈரப்படுத்தி, நேராகப் பதித்தார். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"தம்பிக்கு எழுதிட்டியா, ரோங்?"

"இன்னும் இல்ல."

"அவ போய்ச் சேந்த பிறகு எழுது."

நான் அங்கேயே உட்கார்ந்தேன். அவர் தானாகவே சொன்னார். யாவின் காரியஸ்தன் வந்திருக்கிறான். அப்பாவின் படிப்பறையை மட்டும் கொளுத்துவோம், கிழவர் பயந்து ஊரை விட்டுப் போய்விடுவார், இல்லாவிட்டால் உன் உரிமம் போகும் என்றானாம்.

"குருவிக்குக் காய்ச்சல்னு சொன்னது?" என்றேன்.

"நீங்க ரெண்டு பேரும் பயந்துக்க வேண்டாம்னு பாத்தேன்." முத்திரையைத் துடைத்து உறையில் போட்டார். "எல்லாரும் போன பிறகு கம்பை எடுத்து வெச்சுட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தும் மனசு கேக்கல. திரும்பிப் போனேன். கதவுக்கு வெளியில சங்கிலி போட்டிருந்தாங்க. உள்ள ஒரு பிள்ளை அழுதுச்சு. அப்பத்தான் பொறந்த குரல்."

"சங்கிலியை எடுக்கல?"

"அவனுங்க நாலஞ்சு பேர் நின்னானுங்க, ரோங்."

 நான் எழுந்து போய்க் குருவியின் துணிகளை மூட்டை கட்டினேன்.

குருவியைக் கூட்டிப் போய் விட்டுவிட்டு நேற்றுத்தான் வந்தேன். படகில் "பட்டுப்புழு கடிக்குமாம்மா?" என்று கேட்டாள். "கடிக்காது. இலையை மட்டும்தான் கடிக்கும்," என்றேன். "ராத்திரியிலயுமா?" என்றாள். அந்த வீட்டம்மா அவள் தலையைத் தடவிப் பார்த்தாள், பேன் இருக்கிறதா என்று. நல்ல மனுஷி என்றுதான் தோன்றியது.

அத்தானை ஓடிப்போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை. நான் திரும்பி வந்தபோது வீட்டில்தான் இருந்தார். அடுப்பு மூட்டியிருந்தார்.

உனக்குச் சாட்சி வேண்டும் என்றாய். நான் வந்து சொல்கிறேன். அவரும் சொல்வார் என்று நினைக்கிறேன். இனி நீ செய்ய வேண்டியதைச் செய்.

அக்கா


தலைநகர்
மூன்றாம் மாதம்

அக்கா, உன் காலைத் தொட்டு எழுதுகிறேன். என் புத்தாண்டுக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. கோழிக்குஞ்சு என்று எழுதிய கை இது.

உன் கடிதத்தையும் அப்படியே அடுப்பில் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். குருவியைத் திரும்பக் கூட்டிவந்து, நான் ஊருக்கு வந்து பெட்டிகளைப் புதைத்துவிட்டு, அத்தானோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை. உனக்கு எப்படி இறங்கியது, இத்தனை மாதம்?

ஃபாங் ஐயாவிடம் சொன்னேன். மகிழ்ந்துபோவார் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, "லூ போதும். அவன் பேரை மட்டும் வெச்சு மனு எழுது. யாவை விட்டுடு," என்றார்.

"கதவைத் திறந்தவனைப் பிடிச்சிட்டு, கொளுத்தச் சொன்னவனை விடறதா ஐயா?"

"தம்பி, என் பொண்ணை யாவோட தம்பி மகனுக்குக் கொடுக்கறதாப் பேசியாச்சு. பாதி நியாயம் கிடைச்சாலும் அது நியாயந்தான். வாங்கிக்கிட்டுப் போ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அக்கா. நீ உன் பெண்ணின் நிச்சயத்தால் ஒரு கொலையை வெளியே கொண்டுவந்தாய். அவர் தன் பெண்ணின் நிச்சயத்தால் அதை மூடுகிறார்.

நாளைக் காலை அரண்மனை வாசலுக்குப் போய் முறையீட்டு முரசை அடிக்கப்போகிறேன். அடித்தால் மனு நேராகப் பேரரசரிடம் போகும். அடித்தவனுக்கு முதலில் மூங்கிலால் அடி விழும், பொய்யா மெய்யா என்பதெல்லாம் அப்புறம். தாங்கிக்கொள்வேன். மனுவில் இரண்டு பெயரும் இருக்கும்.

ஒன்று தெரிந்துகொள். மனைவியின் பெற்றோரைக் கொன்றவனோடு திருமணம் தானாகவே முறிந்துவிடுகிறது என்பது சட்டம். அந்தத் தீ பிடித்த அன்றிலிருந்து நீ அவருக்கு மனைவி இல்லை. உன்னை யாரும் எல்லைக்கு அனுப்ப முடியாது.

உன் பதிலுக்குக் காத்திருக்க நாள் இல்லை. வேண்டாம் என்று நீ எழுதிவிடுவாயோ என்ற பயமும் இருக்கிறது.

தம்பி


யாங்ஜோ
நான்காம் மாதம்

தம்பிக்கு. நீ முரசு அடித்த செய்தி உன் கடிதத்துக்கு முன்பே வந்துவிட்டது. முதுகுப் புண் எப்படி இருக்கிறது? குப்புறப் படு. புண்ணில் துணி ஒட்டிக்கொண்டால் பிய்க்காதே, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து எடு. மருந்து அனுப்பியிருக்கிறேன்.

நான் வேண்டாம் என்று எழுதியிருக்கமாட்டேன்.

நேற்று ஆட்கள் வந்தார்கள். அத்தான் நாற்காலியிலிருந்து எழுந்து, "இருங்க, செருப்பு மாத்திக்கறேன். ரொம்ப தூரம்," என்றார். அவர்களில் ஒருவன் சிரித்தான். பழைய செருப்பைப் போட்டுக்கொண்டார், புதியதை ஓரமாக வைத்தார்.  வாசலைத் தாண்டிய பிறகு, "அண்டாவுல தண்ணி ரொப்பியிருக்கேன்," என்றார்.

என்னையும் சாட்சிக்கு அழைத்திருக்கிறார்கள். அடுத்த தானியப் படகில் வருகிறேன்.

அக்கா


யாங்ஜோ
ஏழாம் மாதம்

அக்காவுக்கு வணக்கம். என் முதுகு ஆறிவிட்டது. மல்லாந்து படுக்கிறேன். தலைநகர் வெயில் உனக்கு எப்படி இருக்கிறது?

பார், நீ அங்கேயும் நான் இங்கேயுமாக மாறிப்போனோம். தீர்ப்பு வந்த கையோடு நான் படகேறிவிட்டேன், உன்னோடு உட்கார்ந்து பேசக்கூட இல்லை. தூக்கிட்டுக்கொள்ளச் சொல்லி யாவுக்குப் பேரரசர் வெள்ளைப் பட்டுக் கயிறு அனுப்பியதும், அவர் அதைப் பயன்படுத்தியதும் உனக்குத் தெரிந்திருக்கும். ஃபாங் ஐயா தான்தான் முதலிலிருந்தே இந்த வழக்கைக் கிளறியதாகச் சொல்லித் திரிகிறாராம். பெண்ணுக்கு வேறு மாப்பிள்ளை பார்த்துவிட்டாராம். சொல்லிக்கொள்ளட்டும்.

ஷென் வீட்டுக்குப் போய்வந்தேன். குருவி கொஞ்சம் கறுத்திருக்கிறாள். அந்தப் பையனை வேலை வாங்குகிறாள். "அம்மா எப்ப வரும்?" என்றாள். இலையுதிர் காலம் முடிந்து என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை, நல்லவேளை.

நான்கு பெட்டிகளையும் மண்ணில் இறக்கிவிட்டேன். பிள்ளைக்கு இப்போதாவது பெயர் வைத்துக் கல்லில் வெட்டலாமா என்று பிக்குணியம்மாவைக் கேட்டேன். "அவன் அம்மாகிட்ட இருக்கான். யாரும் பேர் சொல்லித் தேட வேண்டியதில்ல," என்றார். விட்டுவிட்டேன். மண் மூடியதும் எனக்கு அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். பசித்தது. மலையடிவாரத்தில் உட்கார்ந்து இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டேன்.

உன் சாட்சி முடிந்து ஒரு மாதமாகிறது. லூ வீட்டோடு உனக்கு இனி ஒன்றும் இல்லை. வந்துவிடு. இன்னும் ஏன் அங்கே இருக்கிறாய்?

தம்பி


தலைநகர், தென்பேட்டை
எட்டாம் மாதம்

தம்பிக்கு அக்கா எழுதுவது. நான் சுகம். வெயில் தணிந்துவிட்டது, தூசிதான் தாங்கவில்லை. புதைத்த செய்தியைப் படித்து நிம்மதி. நீ சாப்பிட்டது நல்லதுதான். மூன்றரை வருடப் பசி அது.

ஏன் இருக்கிறேன் என்று கேட்டாய். இங்கே சிறையில் சோறு போடுவதில்லை. உறவுக்காரர்கள்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். யாரும் இல்லாதவர்கள் தீர்ப்பு நிறைவேறும் நாளுக்கு முன்பே போய்விடுகிறார்கள். நீ வாங்கிய மரணத் தீர்ப்பு உறைபனி விழுந்த பிறகு சந்தைத் திடலில், எல்லோருக்கும் தெரிய நடக்க வேண்டியது. ஈரச் சுவர் ஓரத்தில் பசியால் முடியக் கூடாது. முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் இதுதான். இப்போது காரணம் தேடுவதில்லை. தினமும் அரிசி களைகிறேன், கொண்டுபோகிறேன்.

அவரோடு நான் பேசுவதில்லை. மன்னிக்கவும் இல்லை. கம்பி வழியாகக் கிண்ணத்தைத் தள்ளுகிறேன், அவர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பத் தள்ளுகிறார். ஒரே ஒரு நாள், "குருவி?" என்றார். "சுகம்," என்றேன்.

முதல் நாள் வாசலில் இருந்த காவலர் உள்ளே விடவில்லை.

"லூ போஹானுக்கு நீ என்ன வேணும்? பொண்டாட்டியா?"

"சட்டப்படி இல்ல."

"அக்கா, தங்கச்சி?"

"அவருக்கு யாரும் கிடையாது."

"அப்போ நீ யாரும்மா? ஏதாவது ஒண்ணு சொல்லு. உறவு தெரியாம சோத்தை உள்ள விடமாட்டேன். விஷம் வெச்சுட்டா என் தலை போகும்."

"வழக்குப் போட்டவரோட அக்கா," என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்தில் இருந்தவனைக் கூப்பிட்டார். "டேய், இங்க வா, கூத்தைப் பாரு. தலையை வெட்டச் சொன்னதும் இவங்க, வயித்தை ரொப்ப வந்ததும் இவங்க." இருவரும் சிரித்தார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு கிண்ணத்தை வாங்கி, அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து என்னிடமே நீட்டினார். "நீ முதல்ல சாப்பிட்டுக் காட்டு."

நின்ற இடத்திலேயே சாப்பிட்டேன். அவர் வழிவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் இப்படித்தான். அந்தக் கிண்ணத்தில் முதல் வாய் என்னுடையது, மீதி அவருடையது. உறைபனி விழுந்ததும் வந்துவிடுகிறேன்.

அக்கா